நான்கு சிலிண்டர் வண்டியும் விளக்கெண்ணெயும்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஓர் எஞ்சினை என் கையால் கெடுத்தேன். கெடுத்தது தெரியாமல் இருக்கத் தடயத்தை அழித்தேன். பிறகு அதை ஓட்டியவர்மேல் பழியைப் போட்டேன். அவருக்கு வேலை போயிற்று, தொழிலில் இருந்த பெயரும் போயிற்று. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் சொன்னால், அதற்குள் நான் என்னைப் பற்றி உங்களுக்கு நல்ல எண்ணம் வரும்படி நாலு விஷயம் சொல்லிவைத்திருப்பேன்.

பட்டறை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். நான்கு சிலிண்டர் மோட்டார் சைக்கிள் எஞ்சின் உழைக்குமா? ஜப்பான் வண்டிகளின் படத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள். சேலத்தில் அந்த மாதிரி வண்டியை யுத்த காலத்திலேயே பிரித்துக் கோத்தவன் நான் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

உழைக்கும். ஒற்றை சிலிண்டரைவிட அதிகமாகவே உழைக்கும். சுமையை நான்கு பேர் பங்கு போட்டுக்கொள்வதால் தனித்தனியாக யாருக்கும் முதுகு ஒடிவதில்லை. அதிர்வு கிடையாது, மரையாணிகள் தாமாகக் கழலுவதில்லை. ஆனால் ஒரு குறை உண்டு. ஒற்றை சிலிண்டர் வண்டி நோய் வந்தால் அலறிவிடும், நடு ரோட்டில் படுத்துவிடும். நான்கில் ஒன்று கெட்டால் மற்ற மூன்றும் அதை இழுத்துக்கொண்டு போகும். வண்டி ஓடும், சத்தமும் ஏறக்குறைய ஒழுங்காகவே இருக்கும். கடைசி நிமிடம்வரை எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆகவே அந்த எஞ்சினின் ஆயுள், அதன் இரும்பைக் காட்டிலும் அதைக் கவனிப்பவனின் நேர்மையைத்தான் நம்பியிருக்கிறது.

நான் பார்த்த வண்டி மேட்டூர் அணை வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்கார என்ஜினீயர் கொண்டுவந்தது. இப்போதைய வண்டிகளில் நான்கு சிலிண்டரும் குறுக்காக நிற்கின்றன. காற்று நான்கின் முகத்திலும் அடிக்கும். அந்தப் பழைய வண்டியில் ஒன்றின் பின்னால் ஒன்றாக, சட்டத்தின் நீளவாக்கில் நின்றன. முதல் சிலிண்டருக்கு நல்ல காற்று. நான்காவதற்கு மற்ற மூன்றும் சுட்டு அனுப்பிய காற்று. அதனால் எண்ணெயில் கோளாறு வந்தால் முதலில் அடிவாங்குவது நான்காவதுதான்.

அணை வேலை முடிந்து அந்த என்ஜினீயர் போனபோது வண்டியை ராசிபுரத்து டாக்டர் ஒருவர் வாங்கினார். கூடவே செங்கோடனையும் அழைத்துக்கொண்டார். செங்கோடன் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடியானவர். அணையில் மண் சுமக்கப் போனவர், வண்டி துடைக்கும் வேலைக்கு மாறி, பார்த்துப் பார்த்தே ஓட்டக் கற்றவர். டாக்டர் சைடு காரில் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார், செங்கோடன் ஓட்டுவார். மேட்டூரையும் ராசிபுரத்தையும் சேர்த்து அவர் கையில் அந்த எஞ்சின் பத்து வருடத்துக்கு மேல் ஓடியிருந்தது. பேரிங்கை ஒருவரும் தொட்டதில்லை. நான்கு சிலிண்டர் உழைக்குமா என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

செவ்வாய்ப்பேட்டையில் நான் வேலை பார்த்த பட்டறைக்குத்தான் அந்த வண்டி வரும். நான் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. காலேஜில் இன்டர்மீடியட் படித்துவிட்டு, குமாஸ்தா வேலைக்குப் போகாமல் எஞ்சின் மேல் ஆசைப்பட்டு வந்தவன். இங்கிலீஷ் மோட்டார் பத்திரிகைகளை வரவழைத்துப் படிப்பேன். பட்டறையில் எனக்கு 'இன்டர்மீடியட் மேஸ்திரி' என்று பெயர். கேலியாக வைத்த பெயர்தான்; நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன். செங்கோடன் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவரை நான் 'நீ' என்றுதான் சொல்வேன். அவர் என்னை 'நீங்க' என்பார்.

யுத்தம் முற்றியதும் எஞ்சின் எண்ணெய்க்குப் பஞ்சம் வந்தது. டாக்டருக்குப் பெட்ரோல் கூப்பன் கிடைத்தது, எண்ணெய் கிடைக்கவில்லை. ஒருநாள் காலை டாக்டர் வந்து நின்றார். ஆத்தூர் ரோட்டில் ஏதோ ஊரில் காலரா கண்டிருந்தது. வண்டியிலிருந்த எண்ணெய் கரியாகிவிட்டிருந்தது.

"ஒரு வழி பண்ணுங்க தம்பி. மத்தியானத்துக்குள்ள நான் கிளம்பணும்" என்றார்.

எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. பந்தய வண்டிகளுக்கு விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். நம் ஊரில் ஆமணக்குக்கு என்ன குறை? எங்கள் தெருவில் கடை வைத்திருந்த வாழப்பாடி வியாபாரியிடம் டின் டின்னாக இருந்தது.

பட்டறையில் லேத் ஓட்டும் கடைசல்காரர் சிரித்தார். "ஏனுங்க மேஸ்திரி, கெணத்துக் கவலைத் தோலுக்குப் பூசற எண்ணெய மோட்டாருக்கு ஊத்தறீங்களே, வண்டி தண்ணி எறைக்கப் போகுதுங்களா?"

"சீமையில ரேஸ் வண்டிக்கே ஊத்தறாங்க" என்றேன்.

"அங்க அந்த வண்டிக்குப் பேதி ஆகாதுங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு என்னால் பின்வாங்க முடியவில்லை.

அதே பத்திரிகை இன்னொன்றும் சொல்லியிருந்தது. விளக்கெண்ணெயும் மண்ணெண்ணெய் இனத்து எஞ்சின் எண்ணெயும் ஒன்றோடொன்று கலக்காது. பழையது ஒரு சொட்டு இல்லாமல் துடைத்துவிட்டுத்தான் புதியதை ஊற்ற வேண்டும். சூட்டில் இரண்டும் சேர்ந்தால் பசையாகும். அதை நான் மறக்கவில்லை. அந்த எஞ்சினின் அடியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கீழே ஒரு சிறு குழி இருக்கும். கனெக்டிங் ராடின் நுனி அந்தக் குழியில் தோய்ந்து எண்ணெயை அள்ளி பேரிங்குக்குக் கொடுக்கும். அடி மரையைக் கழற்றினால் பெரிய தொட்டியில் இருப்பது வடியும். குழிகளில் இருப்பது வடியாது. அதைத் துடைக்க அடித்தொட்டியையே இறக்க வேண்டும். இறக்கித் துடைத்து மறுபடி பூட்ட அரை நாள் ஆகும். இடையில் இருக்கும் பேக்கிங் கிழிந்தால் மாற்று பேக்கிங் யுத்தம் முடிகிறவரை கிடைக்காது.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அடி மரையை மட்டும் கழற்றி வடித்துவிட்டு விளக்கெண்ணெயை ஊற்றினேன். அதோடு, அந்த எண்ணெய் செக்கில் ஆட்டியதா, தண்ணீரில் கொதிக்கவைத்து எடுத்ததா என்று வியாபாரியை நான் கேட்கவும் இல்லை. கொதிக்கவைத்ததில் தண்ணீர் தங்கியிருக்கலாம்; எஞ்சினுக்கு அது ஆகாது.

நான் டாக்டரிடம் சொல்லியிருக்கலாம்: இன்று போய்விட்டு வாருங்கள், நாளை வண்டியை விட்டுவிடுங்கள், அடியை இறக்கித் துடைத்துவிடுகிறேன் என்று. அவர் மறுத்திருக்கமாட்டார். அவசரத்தில் பாதி வேலை செய்யும்படி ஆவது யாருக்கும் நேரும். மீதி இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லாததுதான் என் முதல் தவறு.

ஒரு வாரம் கழித்து செங்கோடன் தனியாக வந்தார்.

"ஏனுங்க, நாலாவதுல என்னமோ ஒரு சத்தம் கேக்குதுங்க. சூடு ஏறுனா கேக்குது, ஆறுனா கேக்கறதில்லைங்க."

எஞ்சினைக் கிளப்பச் சொல்லி, திருப்புளியின் நுனியை நான்காவதின் அடியில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். மிக மெல்லிய தட்டல் ஒன்று கேட்டது. கேட்டது என்பதை இப்போது சொல்கிறேன். அன்று, "வால்வு சத்தம். ஒன்னுமில்ல" என்றேன்.

"வால்வு மேலல்லீங்க கேக்கும்? இது அடியில கேக்குதுங்க."

"நீ ஓட்டு. கேக்கற வேலைய எங்கிட்ட விடு."

"சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அடியைத் திறந்து பார்க்க வேண்டுமானால் முன்பே ஏன் திறக்கவில்லை என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அது வால்வு ஆயிற்று.

அதற்குப் பத்து நாள் கழித்து மல்லூர் அருகே எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. டாக்டர் பஸ் பிடித்து சேலத்துக்குத் தன் வேலையாகப் போய்விட்டார். மறுநாள் காலை பட்டறைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். செங்கோடன் ஒரு மாட்டுவண்டி பிடித்து, நாலு பேரை வைத்துத் தூக்கி ஏற்றி, வண்டியின் கூடவே நடந்து வந்து சேர்ந்தார். வந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

வண்டிக்காரர் இறங்கும்போதே ஆரம்பித்தார். "எம்பட மாடு ரண்டும் மல்லூர்ல இருந்து இதையேதானுங்க பேசிட்டு வருதுக. நாலு சிலிண்டரு படுத்துக்கிச்சு, நம்ம ரண்டு பேருதான் இழுக்கறோமுன்னு."

செங்கோடன் சிரிக்கவில்லை. காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லை. "போய்ச் சாப்பிட்டுட்டு வா. நான் பிரிச்சு வைக்கிறேன்" என்றேன்.

"இருக்கட்டுங்க. கூட நின்னு புடிக்கறனுங்க."

"போய்யா, நின்னுக்கிட்டே விழுந்துருவே போல."

அவர் பசியோடு இருந்தது உண்மைதான். நான் அவரை அனுப்பியது பசிக்காக அல்ல. முதலாளி ஈரோட்டுக்குப் போயிருந்தார். கடைசல்காரர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நான் தனியாக அடித்தொட்டியை இறக்கினேன்.

தொட்டியில் எண்ணெய் முழு அளவு இருந்தது. ஆனால் குழிகளில் இருந்தது எண்ணெய் அல்ல. வெல்லப்பாகுபோல ஒரு பழுப்புப் பசை. நான்காவது குழி அடைந்தே போயிருந்தது. அதன் மேலே பேரிங்கின் ஈயம் உருகி, சொட்டாக வழிந்து உறைந்திருந்தது. மற்ற மூன்றும் வாடியிருந்தன, சாகவில்லை. என்ன நடந்தது என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தொட்டியை அப்படியே மேசைமேல் வைத்திருந்தால் நான் வாய் திறக்கவே வேண்டியதில்லை.

நான் எண்ணெயைக் கொல்லையில் கொட்டினேன். தொட்டியை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். குழிகளைத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். நன்றாகத் துடைத்தேன். முன்பு நேரமில்லை என்று விட்ட அந்தத் துடைப்பு, தொட்டியை இறக்கிய பிறகு கால் மணி நேர வேலையாகத்தான் இருந்தது.

செங்கோடன் திரும்பி வந்தார். தொட்டியைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார்.

"கழுவிட்டீங்களா?" என்றார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, சந்தை நாள். டாக்டர் வந்தபோது பட்டறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பஸ் டிரைவர்கள், கடைசல்காரர், ஈரோட்டிலிருந்து திரும்பிய முதலாளி. உருகிய பேரிங்கை உள்ளங்கையில் வைத்து டாக்டரிடம் நீட்டினேன்.

"எண்ணெய் இல்லாம ஓடியிருக்கு. நான் திறந்தப்ப ஒரு ஆழாக்குகூட இல்லை" என்றேன்.

செங்கோடன் சொன்னார்: "இல்லீங்க. கெளம்பறப்ப குச்சி வுட்டுப் பாத்தனுங்க. கோடு வரைக்கும் இருந்துச்சுங்க."

"அப்ப அது எங்க போச்சு?" என்றார் முதலாளி.

செங்கோடன் என் பக்கம் திரும்பினார். நான் பேரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் கோபக்காரர் அல்ல. "பத்து வருஷம் பார்த்தவன் ஒரு நாள் பார்க்காம விட்டுட்டே. வழியில ஒரு கேஸை எடுத்துக்கிட்டு வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? நாளையிலிருந்து வர வேண்டாம் செங்கோடா" என்றார்.

ஆத்தூர் பஸ் டிரைவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "எண்ணெ பாக்காத டிரைவரு, கண்ணு தெரியாத டிரைவரைவிட மோசம்" என்றார். அதை அவர் மெதுவாகச் சொல்லவில்லை. அந்த வாசகம் சந்தை முடிவதற்குள் சேலத்து டிரைவர்கள் எல்லாரிடமும் போய்விட்டது.

செங்கோடன் தலைத்துண்டை எடுத்து வண்டியின் டாங்கியில் படிந்திருந்த தூசியைத் துடைத்தார். "வாரனுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பேரிங்குக்கு நானே ஈயம் வார்த்தேன். மூன்று வாரம் சுரண்டிப் பொருத்தினேன். அந்த எஞ்சின் மறுபடி ஓடியது. அதற்கப்புறமும் வருடக்கணக்கில் ஓடியது. செத்த நான்கு சிலிண்டரை எழுப்பியவன் என்று எனக்குப் பெயர் வந்தது. முதலாளி உடம்புக்கு முடியாமல் ஒதுங்கியபோது பட்டறை என் கைக்கு வந்தது. உங்கள் காதுக்கு எட்டியிருக்கும் என் கெட்டிக்காரத்தனம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள், மாவு மில் எஞ்சின் ஒன்றைப் பார்க்க ஜலகண்டாபுரம் போயிருந்தேன். அங்கே வண்டியிலிருந்து நூல் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களில் செங்கோடன் இருந்தார். தலைமுடி நரைத்திருந்தது. அவரே என்னை முதலில் பார்த்தார்.

"நல்லா இருக்கீங்களா?" என்றார், நேற்றுப் பார்த்தவர்போல.

டிரைவர் வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டேன். அது கேட்கக்கூடிய கேள்வி அல்ல என்று கேட்ட பிறகுதான் உறைத்தது.

"எங்க போனாலும் எனக்கு முன்னாடி அந்தப் பேச்சு போயிருதுங்க" என்றார்.

அந்த மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கெண்ணெயை, துடைக்காத குழிகளை, முழு அளவு இருந்த எண்ணெயை, கொல்லையில் கொட்டியதை.

"இதெல்லாம் எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. காயாத தொட்டியப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு."

"அப்பவே எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா யாருங்க கேப்பாங்க? நீங்க இங்கிலீசு படிச்சவங்க. நான் மண்ணு சொமந்தவன்."

என் பட்டறைக்கு வந்துவிடுங்கள், என் பக்கத்திலேயே வேலை தருகிறேன் என்றேன். முதல் தடவையாக 'நீங்கள்' என்று சொன்னதை அவர் கவனித்தாரா தெரியாது.

"உங்க கையில சோறு வேண்டாங்க" என்றார். குரலில் சூடு இல்லை. "ஏதாச்சும் செய்யோணும்னு நெனச்சீங்கன்னா, எங்க சொன்னீங்களோ அங்கியே நின்னு மாத்திச் சொல்லுங்க. நானும் வந்து நிக்கறனுங்க."

முதலில் ராசிபுரம் போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதை எதுக்கு இப்ப எங்கிட்ட சொல்றீங்க? அந்த ஆளை வேலையிலிருந்து நான்தானே அனுப்பினேன்" என்றார். பிறகு, செங்கோடன் தன்னிடம் இருந்த காலமெல்லாம் வண்டியை ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டார், எஞ்சின் கெட்டதற்கு அவர் காரணம் அல்ல என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தன் வண்டியை அதற்குப் பிறகு அவர் என்னிடம் அனுப்பவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை செங்கோடன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நின்றார். உள்ளே ஆறேழு பேர் இருந்தார்கள். நான் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். பாதி பேருக்கு நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்றே புரியவில்லை. அவர்கள் புதியவர்கள், அந்த வண்டியையும் அறியார்கள், அந்தப் பேச்சையும் கேட்டதில்லை. "யாரு இவரு?" என்று ஒருவர் கேட்டார். பழைய ஆட்களில் இருந்தது கடைசல்காரரும் அந்த ஆத்தூர் பஸ் டிரைவரும்தான். கடைசல்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆத்தூர் டிரைவர் எழுந்து வந்தார். "இந்த ஆளு எங்க மொதலாளிகிட்ட வேலை கேட்டு வந்தாருப்பா. நான்தான் குறுக்க பூந்து, எண்ணெ பாக்காதவன், வேண்டாம்னு தொரத்தினேன். ஒரு தரம் இல்ல, ரெண்டு தரம்" என்றார். என் முகத்தைப் பார்த்தார். "நீ படிச்சவன்னுதானய்யா நாங்க நம்பினோம்."

நான் டாக்டரின் கடிதத்தை எடுத்து நீட்டினேன். செங்கோடன் அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஆத்தூர் டிரைவரும் அவரும் சேர்ந்தே வெளியே போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. பட்டறைக்கு வந்துகொண்டிருந்த வண்டிகளில் சில வேறு இடத்துக்குப் போயின. அது நியாயம்தான். செங்கோடனுக்கு அந்த ஆத்தூர் டிரைவர் நடையாய் நடந்து, நாமக்கல் வழியில் ஓடும் ஒரு பஸ்ஸில் வேலை வாங்கிக் கொடுத்தார். லைசென்ஸ் காலாவதியாகிப் போயிருந்ததால் முதல் ஒரு வருடம் கண்டக்டராகத்தான் போனார். அப்புறம் ஸ்டியரிங் கைக்கு வந்தது. என் பட்டறை வாசல் வழியாகத்தான் அந்த பஸ் தினமும் இரண்டு நடை போய்வரும். போகும்போது அவர் என்னைப் பார்த்தால் தலையை அசைப்பார். நானும் அசைப்பேன்.

ஒருநாள் பிற்பகல் அந்த பஸ் என் பட்டறைக்குக் கூப்பிடு தூரத்தில் நின்றுவிட்டது. பயணிகளில் இரண்டு பேர் ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். பானெட்டைத் திறந்துவைத்து அதன் முன்னால் செங்கோடன் நின்றிருந்தார். நான் கிட்டே போவதற்குள் இரண்டு அடி முன்னால் வந்து வழியில் நின்றுகொண்டார்.

"கோவமெல்லாம் இல்லீங்க. அது தீர்ந்துபோச்சு" என்றார். "ஆனா எம்பட வண்டிய நீங்க தொட வேண்டாங்க."

பக்கத்திலேயே பட்டறை இருக்கும்போது இந்த வெயிலில் எங்கே போய் ஆள் தேடுவார் என்று பயணிகள் முணுமுணுத்தார்கள். அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒன்றரை மைல் தள்ளியிருந்த வேறொரு பட்டறையை நோக்கி நடந்தார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். ஒரு டிரைவர் தன் எஞ்சினைப் பற்றி எடுக்கும் முடிவு என்ற முறையில் பார்த்தால் அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.